சுலோச்சனாவிடம் நான் சொன்னவை

மொழிபெயர்ப்பாளனுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது இரண்டாவதுதான். முதலில் வேண்டியது, மூன்று மணி நேரம் மேடையில் நின்றபடி சிறுநீரை அடக்கும் திறமை. பிரசங்கியார் நடுவில் உட்கார்ந்துகொள்வார், தண்ணீர் குடிப்பார், பாட்டுக்காரர்கள் இரண்டு பாட்டுப் பாடுவார்கள், அவர் தெம்பாக மறுபடியும் எழுந்து வருவார். மொழிபெயர்ப்பவனுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. இந்த வயதிலும் எனக்குச் சர்க்கரை வியாதி வராதது ஒரு கொடுப்பினை.

இன்ஸ்பெக்டர் சிதம்பரநாதன் ஐயா, நேற்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். டேப்பைப் போட்டுக் காட்டிவிட்டு, "ஏன்யா அப்படிச் சொன்னே?" என்று கேட்டீர்கள். நான் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தி, எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டீர்கள். ரைட்டர் மெஹபூப் அலி பத்துத் தாளும் ஒரு பேனாவும் கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் தேவகடாட்சம். வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஆனால் முப்பது வருஷமாகச் சைதாப்பேட்டைதான். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவுக் குமாஸ்தா. வருகிற கடிதத்துக்கு எண் போடுவேன், போகிற கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுவேன். ஹெட்கிளார்க் ஸ்ரீரங்கன் காலையில் வந்ததும், "என்ன தேவம், இன்னிக்கு எத்தனை கவர்?" என்பார். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். சாயங்காலம் வரைக்கும் என் பேச்சு அவ்வளவுதான். வீட்டில் மனைவி எமிலி பேசுவாள். அவளுக்குப் பேச ஆள் தேவையில்லை, ஒரு காது இருந்தால் போதும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஆனால் வருஷத்தில் இருபது நாள் நான் வேறு ஆள். ஜனவரியில், பொங்கலை ஒட்டி, அமெரிக்காவில் சோளம் விளைகிற ஒரு சின்ன ஊரின் சபையிலிருந்து ஓர் ஊழியக் குழு வரும். பத்துப் பன்னிரண்டு பேர். அடையாற்றில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்குவார்கள். பகலெல்லாம் சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள், புண்ணுக்கு மருந்து போடுவார்கள், தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். கடைசி ஞாயிறு மாலை தி. நகரில் ஒரு மைதானத்தில் பெரிய கூட்டம். குழுவின் தலைவர் பிரதர் டேல், ஆறடி உயரம், குழந்தை மனசு. அவர் மனைவி லின், நர்ஸாக வேலை பார்த்தவர். அவர்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆற்றோரத்தில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்.

அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? டேல் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். உடனே ஆயிரம் முகம் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பும். நான் வாய் திறக்கும்வரை மைதானத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. நான் சொன்ன பிறகுதான் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். டேல் சொன்னபோது யாரும் அழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுநாள் நான் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது யாராவது அடையாளம் கண்டு, "சார், நேத்து நீங்க பேசினது மனசப் பிசைஞ்சிடுச்சி சார்" என்பார்கள். நான் பேசினது என்பார்கள். நான் திருத்த மாட்டேன்.

சின்னச் சின்னதாகப் பூசி மெழுகுவது இந்த வேலையில் உண்டு. டேல் முதல் வருஷம் தன்னோடு கட்டிலில் படுத்துத் தூங்கிய நாயைப் பற்றி உருக்கமாக ஒரு கதை சொன்னார். நம் ஜனங்கள் முகம் சுளிப்பார்களே என்று அதைக் கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியாக்கினேன். கதை எடுபட்டது. இன்னொரு வருஷம் ஆற்றோரத்தில் ஒரு பெரியவர் டேலை வழிமறித்து, "போன தபா பைப்பு போட்டுத் தரேன்னு சொல்லிக்கினு போனியே, இன்னா ஆச்சு?" என்று சத்தம் போட்டார். அவர் பைபிளில் வருகிற ஜீவத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் என்று டேலிடம் சொன்னேன். டேல் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெரியவருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நான் நடுவில் இல்லாவிட்டால் அன்றைக்கு அடிதடி ஆகியிருக்கும்.

இனி நடந்ததற்கு வருகிறேன். போன வருஷம், தொண்ணூற்றைந்து ஜனவரி. குழு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. புதன்கிழமை காலை கெஸ்ட் ஹவுஸில் டேல் என்னைத் தனியாக உட்காரவைத்து, தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேசினார். ஏழு வருஷமாக வருகிறோம், சொல்லிக்கொள்ளும்படி ஒரு சாட்சி இல்லை என்று ஊரில் சபையார் வருத்தப்படுகிறார்களாம். அடுத்த வருஷம் முதல் பிலிப்பைன்ஸ் போகச் சொல்கிறார்களாம். நீங்கள் எங்களுக்குச் சகோதரர் மாதிரி, உங்களை மறக்க மாட்டோம் என்றார்.

சாட்சி என்றால் கோர்ட்டுச் சாட்சி அல்ல ஐயா. ஜெபத்தினால் ஒருவருக்கு வியாதி தீர்ந்தால், அவர் மேடையேறி எல்லார் முன்னிலும் அதைச் சொல்வது. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் தலைவலி, இடுப்பு வலி, ஒரு காது குத்தல். லின் எப்போதும் கைப்பையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை ஓடவிட்டபடியேதான் நடப்பார். ஊருக்குப் போய்ச் சபையில் போட்டுக் காட்டுவதற்காக. காது குத்தலை எத்தனை தரம் போட்டுக் காட்ட முடியும்?

19எச் பிடித்து வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அழுதேன். ஐம்பது வயசு ஆள் பஸ்ஸில் அழுதால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார். அந்த இருபது நாளும் போய்விட்டால் எனக்கு மிச்சம் தபால்தலைதான். செத்த பிறகு எமிலியைத் தவிர யாருக்கும் தெரியாது நான் ஒருவன் இருந்தேன் என்று. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு லின்னும் நானும் சுலோச்சனாவின் குடிசைக்குப் போனோம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டு வேலைக்குப் போகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம். ஒரே பெண், ஷாலினி, எட்டு வயது. அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குவது அல்ல. தினம் இரண்டு வேளை ஊசி. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போடவும் தாய்க்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குடிசையில் ஃப்ரிட்ஜ் ஏது? ஒரு மண் பானையில் ஈர மணலைக் கொட்டி, அதற்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்திருந்தாள். லின் அதைத் திறந்து பார்த்து, எவ்வளவு புத்திசாலிப் பெண் என்று வியந்தார். அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

நாங்கள் போனபோது சாயங்கால ஊசிக்கு நேரம். பிள்ளை கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. சுலோச்சனா காலைப் பிடித்து இழுக்கிறாள், அது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறது. கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டெய்லி ரெண்டு தபா சார். பெத்த கையாலயே குத்தறேன். என்னப் பாத்தாலே ஓடுது சார். தூங்கும்போது தொட்டாக்கூடத் தூக்கிவாரிப் போடுது. என்கிட்டப் படுக்கவே மாட்டேங்குது. எத்தினி நாளைக்கு சார் இப்பிடி? அந்தம்மாவக் கேளுங்க, சாமி கும்புட்டா ஊசிய நிறுத்திடலாமான்னு கேளுங்க சார்."

நான் கேட்டேன். அவள் கேட்டதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். டேப்பில் அது தெளிவாக இருக்கிறது.

லின் பிள்ளையை மெதுவாக வெளியே வரவழைத்து, மடியில் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு சுலோச்சனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தல்ல, அவளைப் பார்த்தே சொன்னார். ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஜெபமும் ஊசியும் சேர்ந்துதான். நிறுத்தினால் மூன்று நாலு நாளில் குழந்தை இறந்துவிடும். கடவுள் குணமாக்கினால் அதை ஆஸ்பத்திரி டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். பிறகு என்னிடம் திரும்பி, இது அவளுக்கு நன்றாகப் புரிய வேண்டும், தயவுசெய்து இரண்டு முறை சொல்லுங்கள் என்றார்.

நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் ஆயிரம் பேர் பார்த்ததெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது.

"கேட்டுக்கம்மா. உன் பிள்ளைக்கு சுகமாயிடுச்சாம். இனிமே ஊசி வேண்டாங்கிறாங்க. ஊசி போட்டா நம்பிக்கை இல்லேன்னு ஆயிடுமாம்."

அவள் லின்னைப் பார்த்தாள். லின் கண்ணீரோடு அழுத்தமாகத் தலையாட்டினார், புரிந்ததா என்கிற மாதிரி. சுலோச்சனாவும் தலையாட்டினாள். நான் இன்னொரு முறையும் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள், இரண்டு முறையும் சொன்னேன். "அப்ப இன்னிக்கு சாயங்காலமே வேணாமா சார்?" என்று கேட்டாள். இன்றைக்கே வேண்டாம் என்றேன். அவள் தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். அவள் சத்தியம் செய்கிறாள் என்று லின்னிடம் சொன்னேன்.

நான் நம்பாமல் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். ஆண்டவர் சுகமாக்க வல்லவர் என்று சின்ன வயது முதல் படித்திருக்கிறேன். ஒரு தடவை அவருக்கு வழி விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஊசி நடுவில் நின்றுகொண்டே இருந்தால் சுகமானது ஊசியாலா ஜெபத்தாலா என்று யார் சொல்ல முடியும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் பூரண விசுவாசம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஷாலினி வாசலில் உட்கார்ந்து க்ரீம் பன் தின்றுகொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் இனிப்புத் தின்கிறதாம். உதட்டைச் சுற்றி வெள்ளையாக க்ரீம். முதல் நாள் இரவு அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்கியதாம், சுலோச்சனா அதை இரண்டு தரம் சொன்னாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறது சார், அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது என்றும் சொன்னாள். வெயில்தான் காரணம் என்றேன். ஜனவரி மாதம்தான், இருந்தாலும் பகலில் கொஞ்சம் வெயில் இருந்தது. அந்த ஒரு நாள் அந்தப் பிள்ளை ஊசி இல்லாமல், பன் தின்று, அம்மா மடியில் இருந்தது. அதைக் கொடுத்தது யார் என்று யாராவது யோசித்தீர்களா?

அன்றைக்கே டேலிடம் சொல்லிவிட்டேன், ஒரு பெரிய சாட்சி தயாராகிறது என்று. டேல் என்னைத் தூக்காத குறை.

சனிக்கிழமை மதியம் ஆற்றோரத்துப் பாலத்தருகே வேனை நிறுத்திவிட்டுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். சுலோச்சனா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். செருப்பில்லை. தலை அவிழ்ந்து கிடந்தது.

"சார், காலைலேருந்து வாந்தி எடுத்துக்கினே கீது. தண்ணி தண்ணின்னு கேக்குது, குட்ச்சா நிக்க மாட்டேங்குது. மூச்சு ஒரு மாதிரி இழுத்து இழுத்து வாங்குது சார். கூப்ட்டா கண்ணத் தொறக்குது, பேச மாட்டேங்குது. மருந்து பானைலயேதான் கீது. ஒரு ஊசி போட்டுடவா? இல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடிடவா? அந்தம்மாவ ஒரு வார்த்த கேளுங்க சார். ஒரே ஒரு வார்த்த."

லின் பத்தடி தள்ளித்தான் இருந்தார். தோளில் கைப்பையோடு, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, என்ன சொல்கிறாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் டேப்பை நேற்று நீங்கள் நிறுத்தி, திருப்பி ஓடவிட்டீர்கள். நான் யோசிக்க எடுத்துக்கொண்டது மூன்று விநாடி. அதில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் வியாழக்கிழமை சொன்னது வெளியே வரும். மொழிபெயர்ப்பவன் ஒரு தடவை சொன்னதைத் திருப்பிப் போட்டுச் சொன்னால், அதற்குப் பிறகு அவன் வாயை இரண்டு பக்கத்திலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஏழு வருஷத்தில் சம்பாதித்த நல்ல பேர். அது ஒரு நிமிஷத்தில் போய்விடும். தவிர, பிள்ளைகள் வாந்தி எடுப்பது சகஜம். பன் ஒத்துக்கொள்ளாமல்கூட இருந்திருக்கலாம்.

குழந்தை நன்றாக இருக்கிறது, நன்றி சொல்ல ஓடி வந்திருக்கிறாள், சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று லின்னிடம் சொன்னேன். லின் மலர்ந்து போய் அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். ஊசியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லுங்கள் என்றார்.

"பயப்படாதம்மா. உள்ள இருந்த வியாதி வெளிய வருது, அதான் வாந்தி. இப்ப போய் ஊசி போட்டா எல்லாம் வீணாப் போயிடும், நாளைக்குக் காலைல பாரு, எழுந்து ஓடுவாங்கிறாங்க."

அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. லின்னின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அவ்வளவு சந்தோஷம். ஒரு பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரு நர்ஸம்மா இப்படிச் சிரிப்பாரா? அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் திரும்பிப் போனாள். ஆகவே என் சொல் மட்டும்தான் காரணம் என்று எழுதிக்கொள்வது சரியாகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சுலோச்சனாவின் பக்கத்துக் குடிசை ஹாஜிரா பீ வாசலில் வந்து நின்றார். வயதான அம்மாள்.

"பொண்ணு பூட்ச்சி சார். விடியக்காலைல. நான் ராத்திரியே சொன்னேன், ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கித் தூக்கினு போலாம் வாடின்னு. கேக்கலியே. வெள்ளக்காரம்மா சொல்லிக்கீது, சாரு சொல்லிக்கீறாருன்னு புள்ளைய மடில வெச்சிக்கினே குந்திக்கினு இருந்தா. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க சார், அவ அழக்கூட மாட்டேங்கறா."

வருகிறேன் என்றேன். போகவில்லை. காலை ஆராதனை, மதியம் மேடை வேலை, நேரம் சரியாக இருந்தது. ஆற்றோரத்தில் அன்றைக்குக் குழுவுக்கு வேலையில்லை. அதனால் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் தி. நகர்க் கூட்டத்தில் டேல், அந்தத் தாய் வந்துவிட்டாளா என்று மேடையில் காதோடு கேட்டார். வீட்டுக்கு விருந்தாளிகள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், அவளால் நகர முடியவில்லை என்றேன். அது ஒரு வகையில் உண்மைதான். டேலின் முகம் விழுந்துவிட்டது. அப்புறம், நீங்களே சொல்லுங்கள், நீங்கள்தான் கூட இருந்தீர்கள் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு முன்னால் பேச யாருமில்லை. அப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை. நான் கட்டிலுக்கு அடியில் பதுங்கிய பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், பெற்ற கையால் குத்துகிற தாயைப் பற்றிச் சொன்னேன், உதட்டில் ஒட்டிய க்ரீமைப் பற்றிச் சொன்னேன். தமிழில் சொல்லி, ஆங்கிலத்திலும் நானே சொன்னேன். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். இப்போது அந்தப் பிள்ளை வலியே இல்லாத இடத்தில் இருக்கிறது என்று முடித்தேன். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வாக்கியத்தை அப்படி அமைத்தேன். டேல் மேடையிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, அடுத்த ஜனவரியும் நிச்சயம் வருவோம் என்றார்.

அடுத்த ஜனவரி, அதாவது இந்த வருஷம், முப்பத்தொரு பேர் வந்தார்கள். லின் ஷாலினிக்கு ஒரு நீல நிற ஃப்ராக் கொண்டுவந்திருந்தார். வளர்ந்திருப்பாள் என்று ஒரு சுற்றுப் பெரிதாக. அவர்கள் பாலவாக்கம் பக்கம் குடி போய்விட்டார்கள் என்றேன். அப்படியானால் பாலவாக்கம் போவோம் என்றார். போனோம். வேனை நிறுத்தி நாலைந்து வீட்டில் இறங்கி விசாரித்தேன். அதாவது, இங்கே நல்ல டீக்கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். லின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த ஃப்ராக்கை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். சுலோச்சனா அதே ஆற்றோரத்தில் அதே குடிசையில்தான் இருந்தாள். குழுவுக்கு இந்த வருஷம் எதிர்க்கரையில் வேலை வைத்துக்கொடுத்தேன். ஃப்ராக் என் பீரோவில் இருந்ததை உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். அதைக் கொடுக்க வேறு பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆளைத்தான் பார்க்க முடியவில்லை, அந்தத் தாய் பேசியதையாவது எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று லின் ஊருக்குப் போனதும் அந்தப் பழைய டேப்பை அங்கே படிக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். வர்ஷினி என்று பெயராம், மயிலாப்பூர்ப் பெண்ணாம். கேட்டுவிட்டு அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று லின் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் டேப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் நாணயமானவன் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கூட்டம் முடிந்த மறுநாள், போன வருஷத் திங்கள்கிழமை பிற்பகல், குழு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. லின்னின் கைப்பை ஏற்கெனவே வேனில் ஏறிவிட்டது. சுலோச்சனா சைதாப்பேட்டையிலிருந்து அடையாறுவரை நடந்தே வந்து கெஸ்ட் ஹவுஸ் கேட்டில் நின்றாள். பிள்ளையை எரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. லின் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேளுங்க சார்" என்றாள் சுலோச்சனா. "சண்ட போட வர்ல. அவங்க சொன்னதுல எத விட்டேன்? ஊசியத் தொடவே இல்ல. ராவெல்லாம் முட்டி போட்டுக்கினு இருந்தேன். எதுலயோ கொற வெச்சிட்டேன் சார். அது இன்னான்னு மட்டும் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க. தெரியாம என்னால இருக்க முடியாது சார்."

என்ன சொல்கிறாள் என்று லின் கேட்டார். நீங்கள் போவதைத் தாங்க முடியவில்லையாம், இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்கிறாள் என்றேன். லின்னுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, நீ ஒரு குறையும் வைக்காத தாய், உன்னைப் போல ஒரு தாயை நான் பார்த்ததில்லை என்று சொல்லச் சொன்னார்.

நான் அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் அடுத்த கேள்வி கேட்டிருப்பாள்: அப்படியானால் பிள்ளை ஏன் செத்தது? அதற்குப் பதில் யாரிடம் இருந்தது?

"உனக்கு விசுவாசம் பத்தலையாம்மா. சனிக்கிழமை சந்தேகப்பட்டு ஓடி வந்தே பாரு, அதுதானாம்."

அப்போதுதான் அவள் அழுதாள். இரண்டு நாளாக வராத அழுகை. லின்னின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மன்னிச்சிடச் சொல்லுங்க சார், மன்னிச்சிடச் சொல்லுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். லின்னும் அவள் முதுகைத் தடவியபடி அழுதார். இருவரும் நெடுநேரம் அப்படியே நின்றார்கள். பார்க்கிற யாருக்கும் நெஞ்சு நெகிழும். எனக்கும் நெகிழ்ந்தது. ஒரு வருஷமாக அவள் இதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். காரணமே தெரியாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆக, ஐயா, ஷாலினி என்கிற பிள்ளையின் சாவுக்கு நான்தான் காரணம் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

நாளை சுலோச்சனாவை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, இதில் எழுதியிருப்பதை அவளுக்குத் தெரியப்படுத்தப் போவதாக ரைட்டர் சொன்னார். ஒரு சின்ன வேண்டுகோள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போலீஸ்காரர்கள் வாசித்தால் பதறிப் போவாள், ஒன்றும் மனதில் ஏறாது. என்னைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் நிறுத்துங்கள். நானே அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்கிறேன். நான் சொன்னால் அவள் நம்புவாள்.